அண்ணன் மாட்டிய கேமரா

கேமரா மாட்டுவதுதான் பதினோரு வருஷமாக என் பிழைப்பு. கடை, குடோன், பள்ளிக்கூடம் என்று எத்தனையோ இடத்தில் ஏணி ஏறியிருக்கிறேன். கூடப்பிறந்த அண்ணன் மட்டும் என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டான். அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான். ராத்திரியில் யாரையும் எழுப்பாமல் தானாக எழுந்து நடக்கிறாரோ என்று அண்ணிக்குச் சந்தேகம். அண்ணன் ஒரு கேமரா வாங்கித் தானே மாட்டினான். மறுநாள் காலையில் எனக்குப் போன்.

“சுத்த டப்பா. பகல்ல நல்லா இருக்கு, இருட்டுனா ஒரே வெள்ளை.”

போய்ப் பார்த்தேன். கேமரா பால்கனியில் இருந்துகொண்டு, மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாக அறையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே மாட்டினால் அப்பாவுக்குக் கூச்சமாக இருக்குமாம்.

“இருட்டுல இது தானா ஒரு வெளிச்சம் அடிக்கும்ணே, நம்ம கண்ணுக்குத் தெரியாது. அது கண்ணாடியில பட்டுத் திரும்பி இதோட கண்ணையே கூச வைக்குது. ஏணியக் கொடு, உள்ள மாட்டித் தரேன்.”

“எனக்கு இது தெரியாதா? நீ போ, நானே மாத்திக்கிறேன்.”

மாற்றினான். இரண்டே நாளில் மறுபடி போன். இந்தத் தடவை கட்டிலின் தலைமாட்டுக்கு நேர் மேலே, கை எட்டும் உயரத்தில். பட்டப்பகலில் திரையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, போனில் பார்த்தோம். அத்தனை கிட்டத்தில் வெளிச்சம் அடித்ததில் அப்பாவுக்கு மீசை இல்லை, மூக்கு இல்லை; உரித்த முட்டை ஒன்று தலையணையில் கிடந்தது. எதிரே அலமாரிக் கண்ணாடியில் ஒரு குட்டிச் சூரியன் வேறு.

“உனக்கு அப்பாவைப் பார்க்கணுமா, அவிச்ச முட்டையைப் பார்க்கணுமா?”

அண்ணி சிரித்துவிட்டார். அண்ணன் முறைத்தான்.

ஏணியை நானே இழுத்து வந்தேன். அலமாரி இருந்த பக்கத்து மூலையில், வெளிச்சம் பட்டுத் திரும்பாமல் வெள்ளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கூரையில், கண்ணாடி படத்துக்குள் வராதபடி மாட்டினேன். அப்பா மூக்கும் முழியுமாகத் தெரிந்தார்.

“தயவுசெஞ்சு இதைத் தொடாதே” என்று அண்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

நாலாம் நாள் போன். மறுபடி வெள்ளையாம்.

“சத்தியமா நான் தொடலை.”

தொடவில்லைதான். தூசி படக்கூடாதென்று கேமராவுக்கு ஒரு பளபளப்பான பிளாஸ்டிக் பையை மாட்டி, ரப்பர் பேண்டும் போட்டிருந்தான்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். “ஜன்னல் கண்ணாடி ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இப்ப அதையே பையாக்கி மூஞ்சியில கட்டிவிட்டிருக்கியே! உன்கிட்டப் பேசுறதுக்குச் சுவத்துல முட்டிக்கலாம்!”

“நீ மாட்டுனதாச்சே, வீணாப் போகக் கூடாதுன்னுதான்...”

“போதும், நிறுத்துங்க” என்றார் அப்பா. “நான் எந்திரிக்கிறனான்னு என்கிட்ட யாராவது கேட்டீங்களா? எந்திரிக்கிறேன். பாத்ரூம் போறேன். கூப்பிட்டா மருமக ஓடி வருது. எனக்கு வெக்கமா இருக்கு.”

அண்ணி மடித்த போர்வையையே மறுபடி மடித்தார். கடைசியில் அண்ணன் தொண்டையைச் செருமினான்.

“இனிமே நான் இங்கயே படுத்துக்கிறேன்பா. என்னைக் கூப்பிடுங்க.”

பையை உருவி என் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினேன்.

நேற்றுக் காலை என் போனில் பதிவைப் பார்த்தேன். படம் அவ்வளவு தெளிவு. கீழே பாயில் அண்ணன் வாயைப் பிளந்து தூங்குகிறான். அப்பா சுவரைப் பிடித்தபடி அவனைச் சுற்றிக்கொண்டு பாத்ரூமுக்குப் போகிறார்.

உடனே போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

“பாத்தியா? உள்ள வைக்கணும்னு நான் அப்பவே நினைச்சேன்!”

“போனை அப்பாகிட்டக் கொடு” என்றேன்.

அப்பா குரல் கேட்டதும், “ஏம்பா அவனைக் கூப்பிடலை?” என்றேன்.

“கூப்பிட்டேன்மா, மூணு தடவை” என்றார் அப்பா. “உலுக்கணும்னா குனியணும். டாக்டர் குனியக் கூடாதுன்னுட்டாரு.”

ஏணி இந்தத் தடவை தேவைப்படவில்லை. போகிற வழியில் இருப்பதிலேயே சத்தமான ஒரு காலிங் பெல் வாங்கினேன். பொத்தானை அப்பா கைப்பக்கமும் பெல்லை அண்ணன் காதுப்பக்கமும் மாட்டினேன்.