உள்ளே தாழ்ப்பாள் இல்லாத அறை

அன்று காலை ஸ்டூடியோவில் இருந்தவர்கள்: முதல் தடவையாகத் தனிப் பொறுப்பில் மனிதர்களைப் படமெடுக்கும் போட்டோகிராபர், துணிக் கம்பெனி அனுப்பிய மாடல், மடியில் கைப்பையோடு, முகத்தில் துளி நம்பிக்கை இல்லாமல் உட்கார்ந்திருந்த மாடலின் அக்கா, மேக்கப்காரம்மா. கம்பெனிக்காரர் வரவில்லை. மாலை ஐந்துக்குள் பன்னிரண்டு உடுப்பும் படமாகிவிட வேண்டும், அடையாள அட்டைப் படம் மாதிரி விறைப்பாக இருந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னதோடு சரி.

அக்கா வந்ததும் விளக்குகளைப் பார்க்கவில்லை, கதவுகளைப் பார்த்தாள். உடை மாற்ற ஒதுக்கியிருந்தது பழைய சாமான் அறை. வெளியே நாதாங்கியும் பூட்டும் இருந்தன. உள்ளே தாழ்ப்பாளே இல்லை. கதவுக்கடியில் இரண்டு விரற்கடை இடைவெளி.

"சாமான் எதுக்குக்கா உள்ள தாழ்ப்பா போட்டுக்கப் போகுது" என்று சொல்லி போட்டோகிராபர் சிரித்துப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. மேக்கப்காரம்மா அந்த நிமிடமே அக்காவுக்கு சிஐடி என்று பேர் வைத்துவிட்டாள்.

முதல் உடுப்பு நீலக் கவுன். மாடல் நட்டுவைத்த கம்பம் போல நின்றாள். அவனோ இரண்டு வருடம் செருப்பையும் கைக்கடிகாரத்தையும் படமெடுத்தவன். செருப்பிடம் பேச வேண்டியதில்லை. நாலு படம் எடுப்பான், லேப்டாப்பைப் பார்த்துப் புருவத்தை நெரிப்பான், விளக்கை ஒரு சாண் நகர்த்துவான், மறுபடி எடுப்பான். அவன் நெரித்தது விளக்குக்காக. தன் மூஞ்சியில்தான் ஏதோ கோளாறு என்று அவள் நினைத்துக்கொண்டாள். தோள்கள் காதை நோக்கி ஏறின. ஏதாவது பேசித் தொலையேன் என்று மேக்கப்காரம்மா முணுமுணுத்தாள். "ப்ரீயா இருங்க" என்றான். அதற்குப் பிறகு மாடல் மூச்சு விடுவதையும் நிறுத்திக்கொண்டாள்.

இரண்டாவது உடுப்புக்காக அக்காவும் தங்கையும் சாமான் அறைக்குள் போனார்கள். மேக்கப்காரம்மா போன் பேச வெளியே போனாள். சொல்லத் தெரியாவிட்டால் நின்று காட்டிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அதற்கு முதலில் தனக்கு நிற்கத் தெரிய வேண்டுமே. கேமராவில் டைமரை வைத்தான். கிடந்த மஞ்சள் துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னணித் திரைக்கு முன்னால் ஓடினான். விளக்கு டப்பென்று அடித்தது. ஓடி வந்தான், பார்த்தான், மறுபடி ஓடினான்.

கதவுக்கடியில் பதினோரு தடவை வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. அக்கா எண்ணினாள்.

"யார வச்சு எடுத்தீங்க, தம்பி?" வெளியே வந்ததும் கேட்டாள். "இங்கதான் யாருமே இல்லையே."

"லைட் டெஸ்ட்டுக்கா" என்று சொல்லிக்கொண்டே அவன் லேப்டாப்பை மூடினான். மூடியிருக்கக் கூடாது.

"தெறங்க."

"ஒண்ணுமில்லக்கா அது."

"ஒண்ணுமில்லாதத யாராவது மூடுவாங்களா?"

மாடல் வாசலிலேயே நின்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டுவிட்டாள். அவள் அப்படியே போய்விட்டால் இந்த வேலை போகும். சாயங்காலத்துக்குள் ஊரிலுள்ள மாடல்களுக்கெல்லாம் செய்தி போய்விடும், அப்புறம் ஆயுசுக்கும் செருப்புதான். அவன் தலையைக் குனிந்துகொண்டு லேப்டாப்பைத் திறந்தான்.

பதினொன்றும் அவனே. இடுப்பில் கை, தோளில் மஞ்சள் துப்பட்டா, மீன் மாதிரி குவிந்த வாய். ஆறாவதில் துப்பட்டா காலில் சிக்கி விழப்போகிறான். எட்டிப் பார்த்த மாடலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பை கீழே இறங்கியது.

"இடுப்ப ஏன் இப்படி ஒடிக்கிறீங்க? உடம்பு பாரத்தப் பின்னங்கால்ல போடுங்க" என்று அவள் நின்று காட்டினாள். தோள்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அவன் கை தன்னால் கேமராவுக்குப் போயிற்று.

"இருங்க" என்றாள் அக்கா. ஒவ்வொரு படமும் எடுத்த நேரத்தைப் பார்த்தாள். எண்ணிக்கையைச் சரிபார்த்தாள். "இந்தப் பதினொண்ணு சரி. அடுத்த தடவைக்கு யாரு சாட்சி?"

அதற்கு வழியையும் அவளே சொன்னாள். தங்கை இனி ஹாலில் கண்ணாடி முன்னால் மாற்றிக்கொள்வாள். அந்த நேரம் கேமரா, லேப்டாப், அவன் போன் எல்லாம் தன் காவலில் இருக்கும். அவன் சாமான் அறையில் இருப்பான். அவன் சரி என்றான். கடன் வாங்கிய கேமராவை முன்பின் தெரியாத ஒருத்தி மடியில் விட்டுப் போவது அவனுக்கும் சுலபமாக இல்லை.

இரண்டாவது உடுப்பை எடுத்தார்கள். எப்படி நிற்பது என்று இந்த முறை அவன் மாடலைக் கேட்டான். அவள் சொன்னாள், நின்றாள். லேப்டாப் திரையை அவள் பக்கமே திருப்பி வைத்தான். எட்டாவது படத்தில் உடுப்பு உடுப்பாக இருந்தது, அவள் ஆளாக இருந்தாள். போன் பேசிவிட்டு வந்திருந்த மேக்கப்காரம்மா அவன் முதுகில் தட்டினாள். அக்கா அதையும் கவனித்தாள்.

மூன்றாவது உடுப்பு. யாரும் சொல்லாமலே போனை மேஜையில் வைத்துவிட்டுச் சாமான் அறைக்குள் போனான்.

"திருப்பித் தெறப்பீங்கல்லக்கா?"

"பாக்கலாம்" என்றாள். கதவைச் சாத்தினாள், நாதாங்கியை மாட்டினாள், பூட்டினாள். பிறகு பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.