கோச்சிசோசமா, ஆன்ட்டி

விசாலாக்ஷி ஆன்ட்டி ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டினுக்குக் கிளம்புகிறார், மகள் வீட்டோடேயே இருந்துவிட. அதற்குள் அவருக்கு நன்றி சொல்லியாக வேண்டும். கிட்டுசாமிக்கு வேலை அவ்வளவுதான். அதுதான் அவனால் ஆகவில்லை.

லேசுப்பட்ட நன்றியா அது! மனைவி சாந்திக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது அவன் புது வேலையில் சேர்ந்த கையோடு இருந்தான். லீவு கேட்டால் வேலை போகும்; வேலை போனால் இன்சூரன்ஸ், விசா எல்லாம் கூடவே போகும். எதிர்வீட்டு ஆன்ட்டிதான், "நீ ஆபீஸுக்குப் போடா, இவளை நான் பாத்துக்கறேன்" என்று கார் சாவியை எடுத்தார். ஒவ்வொரு கீமோவுக்கும் ஃப்ரீமான்ட்டிலிருந்து ஃப்ரீவேயில் டிரைவ் பண்ணிக் கூட்டிப்போனது அவர்தான். வாந்தி எடுத்தால் தலையைப் பிடித்துக்கொண்டதும், ரசத்தை ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போனதும் அவர்தான். சாந்தி இன்றைக்குத் தலைநிறைய முடியோடு நடமாடுகிறாள் என்றால் சும்மாவா?

ஒரு முறை பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு போனான். "என்னை வெளிமனுஷி ஆக்கிட்டியா?" என்று ஆன்ட்டி அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். சரி, வாயால் சொல்லலாம் என்றால் எந்த வார்த்தையைச் சொல்வது? 'தேங்க்ஸ்' காபிக் கடையில் சொல்வது. 'நன்றி' மைக் பிடித்தவன் சொல்வது. பொள்ளாச்சிக்காரனுக்கு மூன்றாவது வார்த்தைக்கு எங்கே போவது, பாவம்.

மருத்துவமனைக்குத் திரும்பும் சிக்னலில் ஒரு ஜப்பானிய உணவகம் இருந்தது. மர வாசல், அதில் நீலத் துணித் தொங்கல். சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம், "உனக்கு உடம்பு தேவலையானதும் இங்க வந்து சாப்பிடணும்டி" என்று ஆன்ட்டி சாந்தியிடம் சொல்வாராம். அதனால் கிட்டுசாமி அங்கே சாப்பிடக் கூப்பிட்டபோது மட்டும் மறுக்காமல் கிளம்பிவிட்டார்.

காரை விட்டு இறங்கும்போது சாந்தி அவன் காதில் போட்டாள்: "ஏனுங்க, இன்னிக்குச் சொல்லாம ஊடு வந்தீங்கன்னா பாருங்க."

உள்ளே போனால் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். "அப்பாடா, மடியான எடம்" என்றார் ஆன்ட்டி. பரிமாறும் அம்மாள், இது கோயில் வழிச் சமையல், மீன் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது என்றாள். ஆன்ட்டிக்குத் தலைகால் புரியவில்லை. "அடி சாந்தி! நம்மாத்து ஸ்ராத்தச் சமையல் மாதிரின்னா இருக்கு!" என்று பக்கத்து மேஜை திரும்பிப் பார்க்கச் சிரித்தார். சுட்ட கத்திரிக்காய், தொட்டால் உடையும் டோஃபு, ஒரு விள்ளல் ஊறுகாய், சோறு. குச்சியால் எடுக்க வராமல் ஆன்ட்டி கடைசியில் கையாலேயே சாப்பிட்டார். கிட்டுசாமிக்கு ஒன்றும் இறங்கவில்லை. வாயைத் திறப்பான், சோற்றைப் போட்டு மூடிக்கொள்வான்.

ஆன்ட்டி கை கழுவ எழுந்து போனார். அப்போது பக்கத்து மேஜைப் பெரியவர் அடுக்களைப் பக்கம் கைகூப்பி ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பினார். அது என்ன என்று பரிமாறும் அம்மாளிடம் கேட்டான் கிட்டுசாமி.

"கோச்சிசோசமா. சாப்பிட்டு முடித்ததும் சொல்வோம். ஓடுவது என்ற அர்த்தம் அதற்குள் இருக்கிறது. எனக்காக ஓடி ஓடிச் செய்தீர்களே, அதற்கு."

கிட்டுசாமி சாந்தியைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே 'ம்' என்றாள்.

ஆன்ட்டி வந்து உட்காருவதற்குள் இவன் எழுந்து நின்று கைகூப்பிவிட்டான். நாக்கு புரண்டால்தானே? "கோச்சு... கோச்சுசா... கோச்சுக்கமா, ஆன்ட்டி!"

"நான் எதுக்குடா கோச்சுக்கப் போறேன்?" என்றார் ஆன்ட்டி. "என்ன தப்பு பண்ணினே?"

சாந்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கோவம் இல்லீங்க ஆன்ட்டி. அது ஜப்பான் பாஷை. நமக்காக ஓடுனவங்களுக்குச் சொல்றதுங்களாம். அவருக்குச் சொல்லத் தெரியாம இத்தனை நாளா முழிச்சிட்டு இருந்தாருங்க."

ஆன்ட்டி சிரிக்கவில்லை. கை துடைக்கக் கொடுத்த சின்னத் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். போச்சு, இதையும் புடவை மாதிரி திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தான் கிட்டுசாமி.

"ஓடினேன்டா," என்றார் ஆன்ட்டி. "மழை நாள்ல அந்த டிரக்குக்கு நடுவுல கையெல்லாம் ஒதறும். முட்டிவலி உசிர் போகும். உங்ககிட்ட காட்டிக்கலை. புடவையை எவ்வளவு வீராப்பாத் திருப்பிக் குடுத்தேன்! ஆனா ஆத்துக்குப் போனா, வாயால ஒரு வார்த்தை சொல்ல மாட்டேளான்னுதான் இருந்தது."

ஆன்ட்டி துண்டை மேஜையில் வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொரு தரம் சொல்லுடா. சரியாக் காதுல விழலை."

இந்த முறை அவனுக்கு ஜப்பான் பாஷை தேவைப்படவில்லை.

"எங்களுக்காக ரொம்ப ஓடிட்டீங்க ஆன்ட்டி. நீங்க ஓடாம இருந்திருந்தா, இவ இன்னிக்கு எனக்கு இல்லீங்க."