மனைவிக்கு ஒரு பவர் பத்திரம்

இந்தத் தெருவில் என்னைச் சிடுமூஞ்சி நோட்டரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கையெழுத்துப் போடுகிறவரைத் தவிர மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அவரிடம் தனியாக நாலு வார்த்தை பேசாமல் நான் சீல் எடுப்பதில்லை. அண்ணன் தம்பிக்குள்ளேயே எத்தனை மிரட்டல் கையெழுத்துகளைப் பார்த்திருக்கிறேன்!

அன்று வந்த அம்மாவுக்கும் அதே சட்டம்தான். அவள் கணவருக்கு மறதி நோய். வைத்தியத்துக்கு வீட்டை விற்றாக வேண்டும். வீடோ அவர் பெயரில். மனைவிக்கு அவர் பவர் எழுதிக் கொடுத்தால்தான் விற்க முடியும்.

“சார், நான் பக்கத்துல இருந்தா தெளிவா பேசுவாருங்க” என்று கெஞ்சினாள்.

“வெளிய நில்லுங்கம்மா.”

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போய் நின்றாள். மேல் பொத்தான்வரை போட்டுவிட்டு, தலைவாரி, புது மாப்பிள்ளை மாதிரி அவரை அழைத்து வந்திருந்தாள். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் எல்லாம் சொல்லிக் கொடுத்தும் இருந்தாள். பெயர் கேட்டேன், சொன்னார். விலாசம் கேட்டேன், அதையும் சொன்னார்.

“யாருக்குப் பவர் தர்றீங்க?”

“என் பொண்டாட்டிக்கு. வேற யாரை நம்புவேன்?”

எனக்கே மனசு குளிர்ந்தது. சீலைக் கையில் எடுத்துவிட்டேன். பழக்க தோஷம், இன்னொன்றும் கேட்டேன். “அதோ நிக்கறாங்களே, அவங்கதானே?”

திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “சேச்சே, அவங்க யாரோ. நல்ல மனுஷி, பாவம். வேளாவேளைக்குச் சோறு போடறாங்க. என் பொண்டாட்டி வெளிய போயிருக்கா. அவ வந்தாத்தான் கையெழுத்து.”

சீலைக் கீழே வைத்தேன். யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுக்கிற அதிகாரம் செல்லாது. பாழாய்ப்போன என் கறாரை அன்றுதான் வெறுத்தேன்.

அவளை உள்ளே கூப்பிட்டு, இனிமேல் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும் என்றேன். ஏன் என்றாள். மழுப்பிப் பார்த்தேன், விடவில்லை. சொல்லிவிட்டேன்.

“நல்ல மனுஷின்னா சொன்னாரு?” என்றாள். “இத்தனை வருஷத்துல என் மூஞ்சிக்கு நேரா ஒருநாளும் சொன்னதில்லைங்க.” சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்” என்று அவர் கையைப் பிடித்தாள். அவர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார்.

“நீங்க போங்கம்மா. என் வீட்டுக்காரி வந்துடுவா. நான் இல்லைன்னா தேடுவா.”

அவள் என்னைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சரிங்க. அவங்க வர்ற வரைக்கும் நானும் இருக்கேன்.”