இரண்டு பின்னல்

தங்கை ஸுலைஹா அல்பேனியாவுக்குப் போகப்போவதாகச் சொன்னபோது, நஃபீஸா அப்படியொரு நாட்டின் பேரையே கேள்விப்பட்டிருக்கவில்லை.

"கண்டக்குழிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்க ஆளில்லாமக் கிடக்கு. நீ வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சும்மா படிப்பிக்கப் போறியா?"

"சும்மா இல்ல ராத்தா. சாப்பாடும் இருக்க இடமும் தருவாங்க. ஒரு வருஷம்தான். ஒருக்காவாவது என்ட விருப்பத்தில ஊரை விட்டுப் போய்ப் பாக்கிறன்."

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் முஸ்லிம்களெல்லாம் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, வள்ளத்தில் ஏற்றப்பட்டு கற்பிட்டியில் வந்து இறங்கியபோது ஸுலைஹாவுக்குப் பதினேழு வயது. யுத்தம் முடிந்து நான்கு வருடங்களாகியும் இருவரும் திரும்பிப் போகவில்லை. நஃபீஸா அருகிலிருந்த கண்டக்குழியிலேயே கலியாணம் முடித்து, இறந்த பெண்களின் மையத்துக் குளிப்பாட்டுகிறவளாக ஊருக்கெல்லாம் தெரிந்தவளாகிவிட்டாள். ஸுலைஹா கலியாணம் முடிக்கவில்லை. ஆசிரியையானாள். இப்போது ஒரு வருட லீவு எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அவளுடைய அழைப்பு வரும். மலைக்கிராமம், இருபத்தாறு பிள்ளைகள், வகுப்பறைக்கு நடுவில் விறகு அடுப்பு. வெள்ளைக்கார ரீச்சர் வருவாள் என்று காத்திருந்த ஊர், முக்காடு போட்ட கறுத்த பொம்பிளையைக் கண்டு திகைத்துப்போனதாம். அங்கே 'ஓம்' என்று சம்மதிப்பதற்குத் தலையை இடமும் வலமும் ஆட்டுவார்களாம். முதல் கிழமை முழுக்க, ஒரு பிள்ளைக்கும் பாடம் விளங்கவில்லை என்று நினைத்து இரவில் அழுதாளாம்.

தங்கியிருந்த வீட்டுக்காரியின் பெயர் ஹதீஜே. "நம்மட கதீஜாதான் ராத்தா, அவங்கட வாயில அப்பிடி வருது" என்றாள் ஸுலைஹா. ஹதீஜே சின்னவளாயிருக்கும்போது அரசாங்கம் மார்க்கத்தையே தடைசெய்து பள்ளிவாசலைத் தானியக் கிடங்காக்கியிருந்தது. ஸுலைஹா தொழுவதை அந்தப் பெண் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அருகில் வந்து உட்கார்ந்து, "இதில பாதி எனக்கு ஞாபகமிருக்கு. வாப்பா காதுக்குள்ள சொல்லித் தந்தது" என்றாளாம்.

"பள்ளியை எப்பத் திருப்பித் திறந்தாங்களாம்?" என்று நஃபீஸா கேட்டாள்.

"தொண்ணூறாம் ஆண்டு கடைசியில."

மன்னாரில் தங்கள் பள்ளிவாசலை வாப்பா பூட்டிவிட்டு, கையிலிருந்த திறப்பை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நின்ற கிழமைகள் அவை.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நஃபீஸா பகல் சோற்றுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. வெள்ளிக்கிழமை இல்லையே என்று பதறி எடுத்தாள்.

"ராத்தா, ஹதீஜே மௌத்தாகிட்டாங்க. விடியச் சுபஹ் நேரம்."

"இன்னா லில்லாஹி..."

"குளிப்பாட்ட ஆளில்ல. தெரிஞ்ச ஒரு கிழவி இருந்தவங்களாம், அவங்களும் போன வருஷம் மௌத்து. பனி கொட்டி றோட்டு அடைச்சுக் கிடக்கு. டவுனிலயிருந்து ஒருத்தரும் வர ஏலா. எல்லாரும் என்னைப் பாக்கிறாங்க, ராத்தா. நான்தான் ஓதுறவளாம், எனக்குத் தெரிஞ்சிருக்குமாம். எனக்கு ஒண்டும் தெரியா."

நஃபீஸா கையைக் கழுவிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஃபோனைப் பக்கத்தில வை. சத்தமாக் கேக்கிற மாதிரிப் போடு. உன்னோட ஆர்?"

"மகள் ஃபத்மிரா. இன்னும் மூணு பொம்பிளைகள்."

"உனக்கு உதவிக்கு மூணு பேர் காணும். மற்ற ஆளை வெளிய அனுப்பு. தண்ணி?"

"வாளியில இருக்கு."

"பச்சைத் தண்ணியா? அந்தக் குளிருக்கா? இளஞ்சூடா வை. உயிரோட இருக்கிறவளுக்கு ஊத்துற மாதிரித்தான் ஊத்தணும்."

தண்ணீர் சூடாகும் வரை ஃபோனில் அடுப்பின் வெடிப்பும் விளங்காத பாஷையில் விசும்பலும் கேட்டன. பிறகு ஸுலைஹாவின் குரல் தணிந்து வந்தது.

"உம்மாவைக் குளிப்பாட்டேக்க நான் ஓடிட்டன் ராத்தா."

அகதி முகாமில், ஓலைக் கொட்டிலில், தொண்ணூற்று நான்கில். ஸுலைஹா அன்று களப்புக்கரைக்கு ஓடிப்போனவள், அடக்கம் முடிந்த பிறகுதான் வந்தாள். நஃபீஸா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மறந்ததுமில்லை.

"இப்ப அந்தக் கதை வேணாம். தண்ணி ஆறிடும். தொப்புளில இருந்து முழங்கால் வரைக்கும் துணியால மூடு. குளிப்பாட்டுறன் எண்டு மனசில நிய்யத்து வை. இடக் கையில துணியைச் சுத்து."

நஃபீஸா ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஸுலைஹா அதை இங்கிலீஷில் சொல்ல, ஃபத்மிரா தன் பாஷையில் மற்றவர்களுக்குச் சொன்னாள். தொழுகைக்குப் போல முகம் கை கால் கழுவி ஒழுச் செய்விப்பது, தலை, வலப் பக்கம், இடப் பக்கம், மூன்று தரம், கடைசித் தண்ணீரில் கற்பூரம். கண்ணால் காணாத அறை என்றாலும், தண்ணீர் விழும் சத்தத்தை வைத்தே வேகமா, மெதுவா என்று நஃபீஸாவுக்குத் தெரிந்தது. "அவசரப்படாதே" என்று இரண்டு தரம் சொன்னாள். முதலில் நடுங்கிய தங்கையின் குரல் போகப்போக வகுப்பில் பாடம் சொல்கிற குரலாயிற்று.

"முடியை மூணாப் பின்னிப் பின்னால போடு."

சொன்னதும் அந்தப் பக்கத்தில் வாக்குவாதம் கிளம்பியது. ஒரு பெண் ஏதோ வேகமாகச் சொன்னாள், இன்னொருத்தி மறித்தாள்.

"என்னடி?"

"இங்க ஒரு மாமி சொல்றாங்க, மூணு இல்லையாம், ரெண்டாப் பிரிச்சு நெஞ்சில போடணுமாம். அவங்கட உம்மும்மாவுக்கு அப்பிடித்தான் செய்தவங்களாம், கதவு இடுக்கால பாத்தவங்களாம். அப்ப ஏழு வயசாம்."

இருபது வருடமாக நஃபீஸா எத்தனையோ தலைகளுக்கு மூன்று பின்னல் போட்டிருக்கிறாள். அதுதான் முறை என்று வாதாட அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த மாமி ஐம்பது வருடமாக, யாரிடமும் சொல்லாமல், அந்த இரண்டு பின்னலை மனதில் வைத்திருந்திருக்கிறாள்.

"அது அவங்கட வழமை. நாம பின்பற்றுற மத்ஹப் வேற, அவங்கட வேற. அந்த மாமியையே பின்னச் சொல்லு."

அதன் பிறகு நஃபீஸா சொல்ல அதிகம் இருக்கவில்லை. மையத்தைச் சுற்றும் கஃபன் துணி வெட்டும்போது அந்த மாமிக்கு இன்னும் ஏதேதோ ஞாபகம் வந்தது. ஸுலைஹா கேட்டுக்கொண்டு நின்றாள்.

வசந்தத்தில், ஊர்ப் பெண்கள் பதினொரு பேர் பள்ளிக்கூடத்தில் கூடி, குளிப்பாட்டும் செய்முறையை ஃபத்மிராவைக் கொண்டு தங்கள் பாஷையில் எழுதுவித்தார்கள். ஸுலைஹா இரண்டு மாதம் கூடுதலாக நின்று வந்தாள். வந்தபோது, தன் இருபத்தாறு பிள்ளைகளில் ஒன்பது பேர் தாய்தகப்பனோடு இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டதாகச் சொன்னாள். "நான் படிப்பிச்சது அதுக்குத்தான் உதவிச்சு" என்றாள். அதில் பெருமையா வருத்தமா என்று நஃபீஸாவுக்குப் பிடிபடவில்லை. இங்குள்ள பிள்ளைகளை விட்டுப் போனது பிழை என்ற எண்ணத்தை நஃபீஸா விடவில்லை. அதைச் சொல்லவும் செய்தாள். ஸுலைஹா மறுக்கவில்லை.

ஆனால் ஹதீஜேயைக் குளிப்பாட்டிய அன்று, ஃபோனை வைக்க முன்னால், நஃபீஸா ஒன்று கேட்டாள்.

"அவவுட உம்மாட பேர் என்ன? அதையும் சேத்துச் சொல்லித்தான் அவவுக்குத் துஆக் கேக்க வேணும்."

ஸுலைஹா விசாரித்துச் சொன்னாள். நஃபீஸாவின் நாக்கில் அந்தப் பெயர் புரளவில்லை. திரும்பவும் சொல்லச் சொன்னாள். மூன்றாம் தரம் ஃபத்மிராவே ஃபோனுக்குக் கிட்ட வந்து, அழுத குரலில், எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள்.