தண்ணீர் திறக்கும் நாள்

பரீட்சை என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனாலும் மூன்று வாரமாக ஆர்லிஸும் மகள் ரோண்டாவும் போனில் பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான். புல்வெளிக் குழாய்களை இந்த வருடமும் அப்பாவே திறந்துவிட்டால் அவர் வீட்டிலேயே இருக்கட்டும். முடியாவிட்டால் ஏரிக்கரை முதியோர் இல்லத்தில், மறதி வந்தவர்களுக்கான பகுதியில், ஓர் அறை காலியாகிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்று செவ்வாய்.

அக்டோபரில் இயந்திரத்தால் காற்றடித்துக் குழாய்களில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெளியேற்றுவதும், மே மாதம் மறுபடி தண்ணீரைத் திறப்பதும் முப்பத்தொரு வருடமாக ஆர்லிஸின் கணவர் வெர்லினின் வேலை. ஒரு சொட்டு உள்ளே தங்கினாலும் மினசோட்டாக் குளிர் சும்மா விடாது, குழாயை வெடிக்க வைத்துவிடும். போன அக்டோபரிலும் அவர் ஒழுங்காகத்தான் செய்தார். அப்புறம்தான் ஜனவரியில் ஒரு காலை வீட்டுச் செருப்போடு தபால் பெட்டி வரை போனவர், எந்த வீட்டுக்குத் திரும்புவது என்று தெரியாமல் பனியில் நின்றார்.

அன்றிலிருந்து ஆர்லிஸுக்கு எதுவும் சரியாக உறைப்பதில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான். இன்றைக்காவது பயமாக இருக்க வேண்டாமா என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

நிலவறையில் வெர்லின் குழாயில் காதை வைத்துக்கொண்டு பிடியைக் கால் திருகு திருகினார். உள்ளே காற்று சீறியது. சீறல் அடங்கும்வரை காத்திருந்து இன்னும் கொஞ்சம் திருகினார்.

“எதுக்கு இப்படி மொறைச்சுப் பாத்துட்டு நிக்கற? நான் என்ன பேங்க்கைக் கொள்ளையடிக்கவா வந்திருக்கேன்?”

“சும்மாதான் நிக்கறேன்,” என்றாள் ஆர்லிஸ்.

“சும்மா நிக்கறவங்களுக்கு இங்க வேலை இல்ல. டார்ச்சப் பிடி. மூஞ்சில அடிக்காத, குழாய்ல அடி.”

அவசரப்பட்டுத் திறக்கிறவன் முட்டாள் என்று வருடா வருடம் சொல்வதை இந்த வருடமும் சொன்னார். வெளிச்சுவர்க் குழாயில் குளிர்காலத்துக்காகச் சாய்வாகத் திருப்பி வைத்திருந்த இரண்டு திருகாணிகளையும், யாரும் நினைவுபடுத்தாமலே, மூடினார். கைகள் தயங்கவே இல்லை.

தயங்கியது ஒரே ஓர் இடத்தில்தான். கார் கொட்டகையில், எந்தப் பகுதிக்கு எப்போது தண்ணீர் என்று தீர்மானிக்கும் பெட்டியின் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. புதிதாகப் போட்டதும் அது தேதி கேட்டது. வெர்லினின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

“மே பன்னிரண்டு,” என்றாள் ஆர்லிஸ்.

“தெரியும்,” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அவர் அழுத்தினார்.

பிறகு எல்லாம் அமர்க்களமாக நடந்தது. புல்லுக்குள் புதைந்திருந்த தெளிப்பான்கள் தலை தூக்கி, இருமி, சேற்றைத் துப்பி, தண்ணீரை வாரி இறைத்தன. நாலாவது பகுதியில் ஒன்று மட்டும் எழ மறுத்தது. வெர்லின் மண்டியிட்டு, கையாலேயே மண்ணைத் தோண்டி, புதியதை மாட்டினார். நாயோடு போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு டுவேன் நின்று பார்த்தார்.

“வெர்லின், அப்படியே எங்க வீட்டுக்கும் வந்துடேன்!”

“உன் புல்லு செத்து மூணு வருஷமாச்சு. அதுக்கெதுக்குத் தண்ணி? பூ வெச்சுட்டுப் போ!”

டுவேன் விழுந்து விழுந்து சிரித்தார். ஏழு பகுதிகளும் ஓடி முடிந்தன. ஆர்லிஸ் சமையலறைக்குப் போய் ரோண்டாவை அழைத்தாள்.

“ஏழும் ஓடுது. எல்லாம் அப்பாவேதான் பண்ணினார்.”

“நெஜமாவா? நீ எதுவும் சொல்லிக் கொடுக்கலையே?”

“இல்ல.”

மறுமுனையில் ரோண்டா அழுதாள். “நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்மா. அப்போ அந்த ரூம் வேண்டாம்னு இப்பவே சொல்லிடறேன்.”

ஜன்னலுக்கு வெளியே வானம் மூடிக்கொண்டது. வடக்குக் காற்று ஆப்பிள் மரத்தை உலுக்கியது. கார் கொட்டகைப் பக்கமிருந்து தடதடவென்று ஒரு சத்தம் கிளம்பியது.

ரோண்டா அழுகையை நிறுத்தினாள். அவள் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள்.

“அம்மா, அது என்ன?”

புல்வெட்டி என்று சொல்லலாம். டுவேன் வீட்டில் என்று சொல்லலாம். ஆர்லிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெர்லின் காற்றடிக்கும் இயந்திரத்தை வெளிச்சுவர்க் குழாயில் மாட்டியிருந்தார். முதல் பகுதியின் தெளிப்பான்கள் தண்ணீரைக் கக்கி, பிறகு புகை மாதிரி வெறும் ஈரக்காற்றை ஊதிக்கொண்டிருந்தன.

“அம்மா... அது காத்தடிக்கற மெஷின்தானே?”

“ஆமா.”

“இப்போ மே மாசம்மா,” என்றாள் ரோண்டா.

“மாசத்தை நான்தான் சொல்லிக் கொடுத்தேன்,” என்றாள் ஆர்லிஸ். “பொய் சொல்லிட்டேன். அந்த ரூமை எடுத்துக்கலாம்னு சொல்லிடு.”

போனை வைத்துவிட்டு, இப்போதாவது அழுகை வரும் என்று நின்று பார்த்தாள். வரவில்லை. ஆணியில் தொங்கிய கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

“பனி வாசனை வருதா?” சத்தத்துக்கு மேல் வெர்லின் கத்தினார். முகம் மலர்ந்திருந்தது. “இன்னிக்கு ராத்திரி உறைபனிதான். நல்ல வேளை, கவனிச்சேன். விட்டிருந்தா மொத்தக் குழாயும் வெடிச்சிருக்கும்.”

“நல்ல வேளை,” என்றாள்.

“நீ கவலப்படாத. வசந்தம் வரட்டும், நானே தெறந்து விட்டுடறேன்.”

“சரி. எத்தனை முடிஞ்சுது?”

“ரெண்டு. இன்னும் அஞ்சு இருக்கு. குளுருது, நீ உள்ள போ.”

“பரவால்ல,” என்று சொல்லி அவள் காற்றுக்குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அது கைக்குள் அதிர்ந்தது. மூன்றாவது பகுதி முடிவதற்குள் மேகம் விலகி மே மாத வெயில் புல்லின் மேல் விழுந்தது. ஏழாவது முடியும்வரை இருவரும் நிறுத்தவில்லை.