தரையில் வைத்த டம்ளர்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்குத் தேஜா டம்ளரைத் தரையில் வைத்தாள். இரண்டடி பின்னால் போனாள். குந்தி உட்கார்ந்தாள். கைகளை முழங்காலைச் சுற்றிக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“இப்பப் பாருங்க” என்றாள் பயிற்சியாளர் பிரத்யுஷா.

ஜக்கிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிவிட்டு நகர்ந்தாள். தேஜா எழுந்து வந்து எடுத்துக் குடித்தாள்.

கீதா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து மகளைப் பார்த்தாள். தேஜாவுக்கு ஐந்து வயது. பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. அன்னூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டிலிருந்து வாரம் இரண்டு நாள் கோயமுத்தூர் சாயிபாபா காலனியில் இருக்கும் இந்தப் பயிற்சி மையத்துக்கு வருகிறார்கள். அன்று தேஜாவுக்கு அடுத்த மூன்று மாதத் திட்டம் போட வேண்டும். ஒரு குழந்தைக்குப் போட்டது இன்னொன்றுக்கு ஆகாது என்று பிரத்யுஷா முதல் நாளே சொல்லியிருந்தாள்.

“ஆறு வாரமா நானும் லூசு மாதிரி டம்ளரை எடுத்து எடுத்து இவ கையில திணிச்சேனுங்க. கீழ வெச்சுட்டுத் தள்ளிப் போயிருவா. தண்ணி வேண்டாங்கறான்னு எழுதிட்டேன். முகத்தைப் பாக்கறதில்லைன்னும் எழுதிட்டேன். போன வெள்ளிக்கிழமை ஒரு போன் வந்துச்சு. கீழ இருந்த டம்ளர்லயே ஊத்திட்டுப் பேசப் போயிட்டேன். திரும்பிப் பாத்தா, குடிச்சுட்டு இருக்கா! இவ வேண்டாம்னு சொல்லவே இல்லீங்க. கேட்டுட்டே இருந்திருக்கா. எனக்குத்தான் மண்டையில ஏறலை.”

கீதா சிரிக்கப் பார்த்தாள்.

“வெக்கறது, தள்ளிப் போறது, உக்காந்து காத்திருக்கறது. வரிசை மாறறதே இல்லீங்க. ஆரையோ பாத்துப் படிச்சிருக்கா. இவளுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் தெரியுங்களா? இதைப் புடிச்சுட்டே மேல போயிரலாம். ஊட்டுல ஆருங்க இப்படிச் செய்வாங்க? ஏதாச்சும் விளையாட்டுங்களா?”

கீதாவுக்குத் தெரியும். டம்ளர் தரையில் பட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

வீட்டில் வாசல் கூட்டுவதும் மாட்டுக் கொட்டகையும் பழனாத்தாளின் வேலை. அவள் வீட்டுக்குள் வரமாட்டாள். நான்கு மணிக்குப் பின்வாசலுக்கு வருவாள். சுவர் மாடத்திலிருந்து தன் டம்ளரை எடுத்துக் கழுவிப் படியில் வைப்பாள். இரண்டடி தள்ளிக் குந்தி உட்காருவாள். கீதா, சொம்பு டம்ளரில் படாமல் உயரத்திலிருந்து காபி ஊற்றுவாள். மாமியார் காலத்து வழக்கம். மாமியார் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதன் பிறகு யாரும் கீதாவை அப்படி ஊற்றச் சொல்லவில்லை.

“டிவியில பாத்திருப்பாளுங்க” என்றாள் கீதா.

“டிவியா? பாக்கறதே இல்லைன்னு சொன்னீங்களே?”

“அவங்கப்பா போட்டு உடுவாருங்க. நான் சமையல்ல இருப்பேன். கவனிக்கறதில்லைங்க.”

“அப்ப இவ வீடியோ பாத்துப் படிக்கற பிள்ளைங்க!” பிரத்யுஷா வேகமாக எழுதினாள். “நான் வேற மாதிரி நினைச்சுட்டு இருந்தேன். ஆளுகளைப் பாத்துப் படிக்கறாளோன்னு.”

பிறகு, கீதா வீட்டில் எழுதிவந்த தாள்களைப் பிரத்யுஷா புரட்டினாள். ‘மாலை 4. காரணமில்லாமல் அழுகை. அரை மணி நேரம்.’ ஆறு வாரமும் அதே வரி.

“காரணமில்லாம எந்தப் பிள்ளையும் அழாதுங்கம்மா. எனக்குத் தெரியலைன்னு எழுதுங்க. பரவால்ல. இனி நாலு மணிக்கு ரூமுக்குள்ள கூட்டீட்டுப் போய்க் கதவைச் சாத்திட்டு வீடியோ போட்டுருங்க. டம்ளர் நீட்டித் தண்ணி கேக்கற மாதிரி நானே எடுத்துத் தாரேன்.”

நான்கு மணிக்குத் தேஜா பழனாத்தாளின் பக்கத்தில் இருப்பாள். தன் சிவப்புப் பிளாஸ்டிக் டம்ளரைப் படியில் வைத்துவிட்டு, தள்ளிக் குந்தியிருப்பாள். கீதா ஒரு டம்ளரில் மட்டும் ஊற்றுவாள். ‘உனக்கு எதுக்கு கண்ணு இதெல்லாம்’ என்று மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள். அழுகை அங்கே தொடங்கும்.

திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. கீதா போட்டாள்.

பிரத்யுஷா கார் வரைக்கும் வந்தாள். “டிவின்னு சொன்னது நல்லதாப் போச்சுங்க. இல்லைன்னா திட்டத்தையே தப்பாப் போட்டிருப்பேன்.”

சரவணம்பட்டி சிக்னலில் கீதா போனைக் கையில் எடுத்தாள். பிரத்யுஷாவின் எண்ணைத் தேடினாள். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். போனைப் பக்கத்து இருக்கையில் கவிழ்த்து வைத்தாள். கோவில்பாளையத்தில் சிக்னல் இருந்தது. அங்கே எடுக்கவில்லை.

நான்கு மணிக்குக் காபி போட்டாள். அலமாரியிலிருந்து வீட்டு டம்ளர் ஒன்றை எடுத்து அதில் ஊற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். படியில் இரண்டு டம்ளர்கள் இருந்தன. தள்ளி இருவர் குந்தியிருந்தார்கள்.

“ஏங்கண்ணு, கோயமுத்தூருல என்ன தின்ன? பிரியாணியா?” பழனாத்தாள் தேஜாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். “எனக்கு ஒரு வாய் கட்டீட்டு வரோணும்னு தோணலையாக்கும் உனக்கு?”

தேஜா தரையைப் பார்த்திருந்தாள். அவள் தோள் பழனாத்தாளின் முழங்கையில் சாய்ந்திருந்தது.

கீதா டம்ளரை நீட்டினாள். “இந்தாங்க.”

பால்காரருக்கும் ‘ங்க’ போட்டுப் பேசுகிறவள் கீதா. பழனாத்தாளுக்குப் போட்டதில்லை. பழனாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். கை நீட்டவில்லை.

“என்ற டம்ளரு படியில இருக்குதுங்க அம்மணி. கழுவித்தான் வெச்சேன்.”

“இதுலயே குடிங்க.”

“வேண்டாங்க. ஆராச்சும் பாத்தா உங்களுக்குத்தான் சங்கட்டம்.”

டம்ளர் சுட்டது. கீதா அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் குனிந்து, படியில் இருந்த டம்ளரில் ஊற்றினாள். உள்ளே போய்ப் பால் கொண்டுவந்து சிவப்பு டம்ளரிலும் ஊற்றினாள். நகர்ந்தாள். தேஜா எழுந்து வந்து எடுத்துக் குடித்தாள். திரும்ப வைத்தாள். தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

நாலேகால் ஆனது. தேஜா அழவில்லை.

“வெள்ளிக்கிழமை எங்ககூடக் கோயமுத்தூர் வாரீங்களா?” என்று கீதா கேட்டாள். “பாப்பா போற எடத்துக்கு.”

“நானுங்களா? அங்க எனக்கென்னுங்க வேலை?”

“பாப்பா இப்படி டம்ளரை வெச்சுட்டு உக்காந்துதான் அங்கயும் கேக்கறா. ஆரைப் பாத்துப் படிச்சான்னு அங்க இருக்கற டீச்சருக்குத் தெரியணும். அதை வெச்சுத்தான் மேல சொல்லிக்குடுப்பாங்க.” குனிந்து படியைப் பார்த்தாள். “நான் டிவின்னு சொல்லிப்போட்டேன்.”

பழனாத்தாள் காபியைக் குடித்து முடித்தாள். குழாயடிக்குப் போய் டம்ளரைக் கழுவினாள். சிவப்பு டம்ளரையும் கழுவினாள்.

“வாரதுக்கென்னுங்க, வாரேன். வெச்சுங் காட்டறேன், உக்காந்துங் காட்டறேன்.” தன் டம்ளரை மாடத்தில் கவிழ்த்தாள். “நீங்க ஏனுங்க இப்படித் தள்ளிப் போய் உக்காருறீங்கன்னு அந்த டீச்சர் புள்ள கேட்டா, நான் என்னன்னு சொல்லட்டுங்க அம்மணி?”