கழுவிவைத்த கருந்துளை

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு அரை மணி நேரம் இருந்தது. முகத்துவாரக்குப்பத்தில் கழுவிக் கவிழ்த்த தட்டையும் துடைக்காமல் சோறு போடமாட்டார்கள். பக்கத்து அனல் மின்நிலையச் சாம்பல் எதையும் சும்மா விடாது. அம்மா புஷ்பவல்லி தட்டைத் துடைப்பதைப் பார்த்தபடி மடிக்கணினித் திரையைத் துடைத்துக்கொண்டிருந்த நர்மதாவின் கை சட்டென்று நின்றது.

காந்தப்புலத்தில் சுழலும் கருந்துளையிலிருந்து எவ்வளவு ஆற்றல் எடுக்கலாம் என்பது அவளுடைய ஆய்வு. முதல் பக்கத்திலேயே, கருந்துளையின் மின்னூட்டம் பூஜ்ஜியம் என்று எழுதியிருந்தாள். அது எப்படிப் பூஜ்ஜியமாகவே இருக்கும்? காந்தப்புலத்தில் சுழன்றால் மின்புலம் பிறக்கும். சுற்றியுள்ள மின்துகள்களில் ஒரு வகையை மட்டும் அது உள்ளே இழுக்கும். இழுக்க இழுக்க கருந்துளையில் மின்னூட்டம் சேர்ந்து, ஆற்றலோடு துகள்களை வெளியே வீசி எறியும் விசையே தளர்ந்துவிடும். அவள் பெருமையோடு கண்டடைந்த விடையில் பெரும்பகுதி கரைந்துபோகும்.

சாம்பலைத் துடைத்தே வளர்ந்தவள், ஒரு கருந்துளை மட்டும் கழுவியபடியே இருக்கும் என்று நம்பியிருக்கிறாள்!

ஆய்வு நெறியாளர் தண்டபாணியைப் போனில் அழைத்துச் சொன்னாள்.

"இந்த நேரத்துல எதையும் கிளறாதீங்கம்மா. காலேஜ் வேலை இந்தப் பட்டத்தை நம்பித்தானே இருக்கு? கேட்டா பதில் சொல்லுங்க. கேக்கலன்னா விட்டுடுங்க."

வைவாவில் யாரும் கேட்கவில்லை. திரையில் வெளிநாட்டுத் தேர்வாளர் விடையைப் பாராட்டினார். கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். சின்னக் கட்டத்துக்குள் தண்டபாணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

'இல்லை' என்றால் போதும். அந்த ஒரு சொல் எவ்வளவு சுலபமாக நாக்கின் நுனியில் வந்து நிற்கிறது என்பதுதான் நர்மதாவைப் பயமுறுத்தியது. இன்று சொல்லாவிட்டால் இனி எப்போதுமே சொல்லமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"மின்னூட்டம் பூஜ்ஜியம் என்ற என் தொடக்கமே தவறு" என்றாள்.

விடை எவ்வளவு குறையும் என்று தேர்வாளர் கேட்டார். தெரியாது என்றாள். கணக்கைத் திருத்திக்கொண்டு வாருங்கள், இன்று பட்டத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்றார் அவர். தண்டபாணியின் கட்டம் இருண்டது.

"டாக்டரம்மா, சோறு துன்ன வரியா?" அம்மா கூப்பிட்டாள்.

"இன்னும் டாக்டரு ஆவலம்மா. கணக்கு தப்பு."

"யாரு கண்டுபுச்சது?"

"நானேதான் சொன்னேன்."

"கேக்காமலா?" புஷ்பவல்லி கையிலிருந்த தட்டை 'ணங்'கென்று வைத்தாள். "இன்னா பொண்ணுடி நீ! ஊரே டாக்டரு டாக்டருன்னுகினு கீது, வாய மூடிகினு இருக்கறதுக்கு இன்னா கேடு?"

நர்மதா முதல் பக்கத்தைத் திறந்து பூஜ்ஜியத்தை அழித்தாள். அந்த இடத்தில் மின்னூட்டத்துக்கு ஓர் எழுத்தை இட்டாள். அதன் மதிப்பு அவளுக்கு இன்னும் தெரியாது.